சிகரெட் பிடிக்கிறவன் தியானத்துல உட்காரலாமா?

கேள்வி: "தினமும் தியானம் பண்றேன், ஆனா சிகரெட்டை விட முடியல. பௌத்தப்படி இது பாவமா, பஞ்சசீலத்தை மீறுன கணக்கா?"

நீங்க கேட்ட விதத்தைப் பாத்தா, தியானம் முடிச்சு எழுந்த கையோட ஒண்ணைப் பத்த வச்சிட்டு, அப்புறம் மனசு குறுகுறுன்னு இருந்து இதைக் கேட்டிருப்பீங்கன்னு தோணுது. தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. நானும் பதினோரு வருஷம் சிகரெட் பிடிச்சவன்தான், அதான் எழுதுறேன்.

பஞ்சசீலம்னா பௌத்தர்கள் ஏத்துக்கிற அஞ்சு ஒழுக்க விதி, அதை முதல்ல சொல்லிடுறேன். அஞ்சாவது சீலத்துல வர்றது "சுரா மேரய மஜ்ஜ பமாதட்டானா", அதாவது மனசை மயக்கி அசட்டையாக்குற மது வகைகள்ல இருந்து விலகி இருக்கேன்ங்கறது. புகையிலை அதுல இல்ல, இருக்கவும் முடியாது, அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, 1492க்கு அப்புறம்தான் மத்த உலகத்துக்கே தெரிய வந்துச்சு. அதனால எழுத்துப்படி மீறல் இல்லன்னு சொல்றவங்க இருக்காங்க, பிடிக்கிற பிக்குகளும் இருக்காங்க. இன்னொரு பக்கம் திபெத்திய மரபுல கடுமையா எதிர்க்கிறாங்க, பூட்டான்ல 2004ல நாடு முழுக்க விற்பனையையே தடை பண்ணாங்க, 2021ல எடுத்துட்டாங்க. யாராவது கீழ கமெண்ட்ல வந்து "புத்தரே புகைக்கச் சொல்லியிருக்காரே"ன்னு கேப்பீங்க, தெரியும். வினயத்துல, அதாவது பிக்குகளுக்கான விதி நூல்ல, பிலிந்தவச்சர்னு ஒரு பிக்குவுக்குத் தலையில உபாதை, எண்ணெய் தேச்சும் மூக்குல மருந்து விட்டும் கேக்கல, கடைசியா மருந்துப் புகை இழுக்கவும் அதுக்கு ஒரு குழாய் வச்சுக்கவும் அனுமதி குடுத்தாரு புத்தர். அது வைத்தியம். உடனே சில பிக்குகள் தங்கத்துலயும் வெள்ளியிலயும் குழாய் செஞ்சு வச்சுக்கிட்டதும் ஜனங்க முகம் சுளிச்சதும், அதைத் தடுத்ததும் அதே இடத்துல இருக்கு, அதையும் சேத்துப் படிங்க.

இப்போ என் கதை. மூச்சைக் கவனிக்கிற பயிற்சி நாலு வருஷமா பண்ணிட்டிருந்தேன், கூடவே ஒரு நாளைக்கு எட்டு பத்து சிகரெட். ஒரு தியான வகுப்புல சட்டையில வாடை அடிக்குதுன்னு எல்லார் முன்னாடியும் "முதல்ல அதை விட்டுட்டு வாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த வலி இன்னும் இருக்கு. சீக்கு தீர்ந்ததும் வான்னு எந்த வைத்தியராவது சொல்வாரா?

அப்புறம் ஒருநாள் ராத்திரி மொட்டை மாடியில தனியா உட்கார்ந்து, விடணும்னெல்லாம் இல்லாம, ஒரே ஒரு சிகரெட்டை முழு கவனத்தோட பிடிச்சுப் பாத்தேன். முதல் இழுப்புல நாக்கு நுனி சுருக்குனுச்சு, தாளு கருகுற வாசனை, நாலாவது இழுப்புக்கெல்லாம் பஞ்சு உதட்டு எச்சில்ல நனைஞ்சு சூடாயிடுச்சு, தொண்டைக்குள்ள ஒரு கசப்பு. பதினோரு வருஷமா இதோட ருசி என்னன்னு கவனிச்சதே இல்ல! மறுநாள் அடுத்ததைக் கையில எடுத்துப் பத்த வைக்காம உட்கார்ந்தேன். வாயில எச்சில் ஊறுது, விரல் தானா லைட்டரைத் தேடுது, நெஞ்சுக்குக் கீழ ஏதோ இழுத்துப் பிடிக்குது, ஏறிக்கிட்டே போகுது, இனி முடியாதுன்னு நினைக்கிற இடத்துல மெல்ல இறங்குது. மணி பாத்தேன், அஞ்சு நிமிஷம் கூட ஆகல.

அப்பதான் மணிமேகலையில வர்ற சார்பு வரிசை, அதாவது ஒண்ணைச் சார்ந்து அடுத்தது வர்றதுங்கறது, எனக்கு உறைச்சுது. ஊறு (புலன்ல ஒண்ணு வந்து படுறது), நுகர்வு, வேட்கை, பற்று. இதுல நுகர்வுன்னா வேதனா, இன்பமோ துன்பமோ உடம்புல மனசுல படுற அனுபவம். இன்னைக்கு நாம பொருள் வாங்கித் தீக்கறதை நுகர்வுங்கறோம், மூக்கால இழுக்குறதையும் நுகர்தல்ங்கறோம், மூணும் ஒரே சொல்லுல இருக்கு. நுகர்வு வந்தே தீரும், அதுக்கும் வேட்கைக்கும் நடுவுல இருக்குற சின்ன இடத்துலதான் வேலை. சிகரெட் மட்டும் இல்ல, போனை எடுக்குறதும், ராத்திரி பசியே இல்லாம பிரிட்ஜைத் திறக்குறதும் இதே இடத்துலதான் நடக்குது. பாவமான்னு கேக்குறதை விட அந்த இடத்துல நீங்க முழிச்சிருந்தீங்களான்னு கேக்குறதுதான் பௌத்தம்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

அனுபவக் கதையை நம்பமாட்டேன்ங்கறவங்களுக்கு: 2011ல ஜட்சன் பிரூவர்ங்கற அமெரிக்க மனநல மருத்துவரோட குழு 88 பேரை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு இந்த மாதிரி கவனப் பயிற்சி, இன்னொரு பாதிக்கு வழக்கமான நிறுத்துற பயிற்சி குடுத்துப் பாத்தாங்க, 17 வாரத்துல விட்டே இருந்தவங்க 31 சதவீதம், அந்தப் பக்கம் 6. சின்ன ஆய்வுதான், எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல வரல. நான் டாக்டரும் இல்ல. நிகோடின் கம், பேட்ச் எடுத்துக்கிட்டா அது தோல்வின்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, பிக்குவுக்கே உடை, உணவு, உறைவிடத்தோட மருந்தையும் அவசியத் தேவையா வச்சவரு புத்தர்.

   

விட்டு மூணு வருஷம் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவை திரும்ப ஆரம்பிச்சு மறுபடி விட்டேன். போன மாசம் மாமா தவறின அன்னைக்கு வெளிய நின்னுக்கிட்டிருந்தப்ப ஒருத்தர் பாக்கெட்டை நீட்டுனாரு, எச்சில் ஊறுனது தெரிஞ்சுது, நெஞ்சுக்குக் கீழ அதே இழுப்பு. "வேணாம்ணே"ன்னேன். அவர் பிடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயேதான் நின்னுக்கிட்டிருந்தேன்.