ஏலத்தில் எடுத்த போலீஸ் வண்டி: எலக்ட்ரிக்கல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, போலீஸ் ஏலத்தில் எடுத்த பொலிரோ, சுமோ பற்றியவை. இந்த வண்டிகளில் மேல்விளக்கு, சைரன், வயர்லெஸ் செட் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டுதான் ஏலம் விடுவார்கள். வயரை யாரும் உருவி எடுப்பதில்லை, நறுக்கி விட்டுவிடுவார்கள். தொல்லை பெரும்பாலும் அந்த நறுக்கிய வயர்களிலிருந்துதான் கிளம்பும்.

புது பேட்டரி போட்டும் இரண்டு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்கவில்லை. எல்லா ஃப்யூஸையும் பிடுங்கி வைத்துப் பார்த்தேன், அப்போதும் பேட்டரி இறங்குகிறது. (நாமக்கல்)

ஃப்யூஸைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் கரண்ட் ஃப்யூஸ் பெட்டி வழியாகப் போகவில்லை. சைரன் ஆம்ப்ளிஃபயருக்கும் வயர்லெஸ் செட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸிலிருந்தே நேராக லைன் இழுப்பது வழக்கம். பிளஸ் டெர்மினலில் எத்தனை வயர் இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிளும் கம்பெனி வயரிங்கும் போக மிச்சம் இருப்பதெல்லாம் சந்தேகக் கேஸ்.

இனி அளந்து பாருங்கள். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். மைனஸ் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே முதலில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வையுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தால் எங்கோ பெரிய ஷார்ட். அப்போது மல்டிமீட்டரை வைத்தால் அதன் ஃப்யூஸ்தான் போகும். எரியவில்லை என்றால் பல்பை எடுத்துவிட்டு, மீட்டரை 10 ஆம்ப் குழியில் போட்டு அதே இடத்தில் வையுங்கள். மீட்டர் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள். 50 மில்லி ஆம்புக்குள் இருந்தால் கவலையில்லை. 0.8 ஆம்ப் காட்டினால் கணக்கு எளிது: 70 ஆம்ப்-அவர் பேட்டரியில் பாதி சார்ஜ் 44 மணி நேரத்தில் காலி. உங்கள் இரண்டு நாள் அதுதான்.

கூடுதல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைப் பாருங்கள். எதை எடுத்ததும் விழுகிறதோ அதுதான் ஆள். எதற்கும் விழவில்லை என்றால் டைனமோவின் பி பிளஸ் வயரைக் கழற்றிப் பாருங்கள் (ஸ்பேனர் வைக்கும் முன் மீட்டரையும் எடுத்து, பேட்டரி மைனஸ் முழுசாகக் கழன்றிருக்க வேண்டும்). அப்போது விழுந்தால் டைனமோவுக்குள் இருக்கும் டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்பு) லீக்.

கண்டுபிடித்த வயரைப் பேட்டரி பக்கத்திலேயே எடுத்துவிடுங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் நுனிக்கு டேப் சுற்றி விடுவதோடு பல மெக்கானிக்குகள் முடித்துக்கொள்கிறார்கள், அது ஆபத்து. ரப்பர் போடாத ஓட்டை வழியாக எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் வயர், தகட்டில் உரசி உரசித் தோல் கிழியும். பேட்டரி பக்கம் ஃப்யூஸும் இல்லையென்றால் அந்த ஒரு வயர் சூடாகி, பக்கத்து வயரிங் கட்டையும் சேர்த்து எரித்துவிடும்.

மழை பெய்தால் உள்விளக்கு ஃப்யூஸ் போகிறது. வெயிலடித்தால் சரியாகிவிடுகிறது. (தென்காசி)

கூரையைப் பாருங்கள். மேல்விளக்கின் போல்ட் ஓட்டைகளையும் வயர் ஓட்டையையும் எம்-சீல் வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள். வெயிலில் தகடு விரிந்து சுருங்க, எம்-சீல் விளிம்பில் விரிசல் விடும். உள்ளே இறங்கும் தண்ணீர், விட்டுப்போன வயரைப் பிடித்துக்கொண்டே தூண் வழியாகக் கீழே உள்ள கனெக்டர் வரை போகும். பழையதைச் சுரண்டி எடுத்து, துரு நீக்கி, பிரைமர் அடித்து, பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். பெரிய ஓட்டைக்குத் தகடு வைத்து அடைப்பதே நல்லது. பிறகு ரூஃப் துணியை இறக்கி அந்த வயரை முழுசாக உருவிவிடுங்கள். கனெக்டரில் பச்சைக் களிம்பு இருந்தால் செம்பு பளபளக்கும் இடம் வரை வெட்டிப் புது லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட வேண்டும். களிம்பு தோலுக்கு உள்ளேயும் ஊர்ந்திருக்கும்.

ஹெட்லைட் மங்கல். சில நேரம் ஒரு பக்கம் தானாக விட்டு விட்டு எரிகிறது. (ஓசூர்)

மங்கலும் மினுக்கலும் தனித்தனிக் கோளாறாக இருக்கலாம். ஹெட்லைட்டை மாறி மாறி மினுக்கும் ஃபிளாஷர் பெட்டியைப் போலீஸ் வண்டிகளில் பொருத்துவதுண்டு. கிரில்லுக்குப் பின்னால் பாருங்கள். பெட்டி இருந்தால் எடுத்துவிட்டு, கம்பெனி வயரை நேருக்கு நேர் சால்டர் வைத்துச் சேர்த்து ஹீட் ஸ்லீவ் போடுங்கள். பெட்டியை ஏற்கெனவே எடுத்திருந்தால் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்தான் மினுக்குகிறது.

மங்கலுக்கு, லைட் எரியும்போதே இரண்டு அளவு எடுங்கள். பல்பின் எர்த் பின்னிலிருந்து பேட்டரி மைனஸுக்கு 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பல்பின் பிளஸ்ஸுக்கு 0.5 வோல்ட்டுக்கு மேல் என்றால் ஸ்விட்ச் வழியில் கரண்ட் வீணாகிறது, ரிலே (சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்சார ஸ்விட்ச்) போடுங்கள். 55 வாட் பல்ப் இரண்டுக்குச் சுமார் 9 ஆம்ப். 30 ஆம்ப் ரிலே, 20 ஆம்ப் ஃப்யூஸ், 2.5 சதுர மி.மீ. வயர் போதும். 30-ஆம் பின்னுக்குப் பேட்டரி, 87-க்குப் பல்ப், 86-க்குப் பழைய ஸ்விட்ச் வயர், 85-க்கு எர்த். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒன்று. சில வண்டிகளில் ஸ்விட்ச் எர்த் பக்கத்தைத்தான் வெட்டும். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டு வயர் வாங்குங்கள்.

டைனமோ 13.2 வோல்ட்தான் தருகிறது. மாற்ற வேண்டுமா? (சேலம்)

அவசரப்பட வேண்டாம். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது டைனமோ முனையிலும் பேட்டரி முனையிலும் தனித்தனியாக அளங்கள். டைனமோவில் 14, பேட்டரியில் 13.2 என்றால் குற்றம் நடுவில் உள்ள வயர் அல்லது லக்கினுடையது. இரண்டு இடத்திலும் குறைவாக இருந்தால் மட்டும் டைனமோவைக் கழற்றுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் சின்னச் செலவுதான்.

சைரன் ஹாரன் ஒன்று கிரில்லுக்குள் அப்படியே இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா? (மதுரை)

கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 119-ஆம் விதி சைரனைத் தனியார் வண்டிக்கு அனுமதிப்பதில்லை. சிவப்பு, நீல விளக்கும் அப்படியே. இன்னொன்று: 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. ஏலத்தில் பணம் கட்டும் முன் ஆர்.சி.யில் தேதியைப் பாருங்கள்.

சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. (திண்டுக்கல்)

இப்போதைக்கு நிறுத்த: பிரேக்கை அழுத்திப் பிடித்து, நான்காம் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள், அணைந்துவிடும். ஓடும் எஞ்சினில் பேட்டரியைக் கழற்றாதீர்கள், டைனமோ டயோடு போய்விடும்.

டீசல் பம்ப்பில் சொலினாய்டு (கரண்டில் திறந்து மூடும் வால்வு) உள்ள பழைய டீசல் எஞ்சினில், அதற்குக் கரண்ட் போகும்வரை டீசல் இறங்கும். சாவியை எடுத்தும் கரண்ட் வருகிறது என்றால் வேறு வழியாகத் திரும்பி வருகிறது. பெரும்பாலும் டாஷ்போர்டுக்கு அடியில் யாரோ சேர்த்த ஒரு ஸ்விட்ச், பேட்டரி நேர் லைனையும் சாவி லைனையும் ஒன்றாக்கியிருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, சாவியை எடுத்து, கூடுதலாகப் போட்ட ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதை எடுத்ததும் எஞ்சின் அணைகிறதோ, அந்த வயரை இரு முனையிலும் கழற்றி வெளியே எடுங்கள். அப்படியும் அணையவில்லை என்றால் சொலினாய்டு முனையில் மீட்டர் வையுங்கள். அங்கே வோல்ட் இல்லாமலும் எஞ்சின் ஓடினால் சொலினாய்டு உள்ளே சிக்கியிருக்கிறது. அது பம்ப் கடை வேலை.