நம் காலத்து பிரிட்டிஷ் இசையமைப்பாளர்களில் யாரை முதலில் கேட்கலாம்?

மேற்கத்திய செவ்வியல் இசை பழக்கமே இல்லாதவர் நவீன பிரிட்டிஷ் இசையமைப்பாளர் ஒருவரைக் கேட்க ஆசைப்பட்டால் யாரிடம் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யோசிக்காமல் சொல்வது ஜான் டாவனர். 1944 இல் லண்டன் வெம்ப்ளியில் பிறந்தவர், 2013 நவம்பரில் காலமானார். தேடும்போது கவனம், 16 ஆம் நூற்றாண்டில் டாவர்னர் என்று இன்னொரு இசையமைப்பாளர் இருந்தார், பல பேர் அவரிடம் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெயர் புதிதாக இருந்தாலும் இவருடைய ஒரு பாட்டு உங்கள் காதில் விழுந்திருக்க வாய்ப்பு உண்டு. 1997 செப்டம்பர் 6, இளவரசி டயானாவின் இறுதிச் சடங்கை எங்கள் வீட்டில் எல்லோரும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். முடிவில் வீரர்கள் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயை விட்டு ஒவ்வொரு அடியாக வெளியே நடக்கும்போது ஒரு பாட்டு ஆரம்பித்தது. ஆங்கிலப் பாட்டு எதையும் கேட்காத என் அம்மா, "யாரோ விடாம சுருதி பிடிச்சுக்கிட்டே இருக்காங்க பாரு" என்றார். அம்மா சொன்னது அப்படியே உண்மை என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 'சாங் ஃபார் ஆத்தீன்' என்ற அந்தப் பாட்டில், கீழ்க்குரல் ஆண்கள் ஒரே ஒரு ஸ்வரத்தை முதலிலிருந்து கடைசி வரை விடாமல் பிடித்திருப்பார்கள். அதன் மேல் 'அல்லேலூயா' திரும்பத் திரும்ப வரும், நடுநடுவே ஒவ்வொரு வரி. நமக்குத் தம்பூரா ஞாபகம் வரும், ஆனால் டாவனர் அதை எடுத்தது கிரேக்க ஆர்த்தடாக்ஸ் (கிறிஸ்தவத்தின் கிழக்கத்தியப் பிரிவு) தேவாலயப் பாட்டிலிருந்து. 1977 இல் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தார், அதற்குப் பிறகு அவர் எழுதியதில் பெரும்பகுதி வழிபாட்டு இசைதான்.

அந்தப் பாட்டு டயானாவுக்காக எழுதியதும் இல்லை. 1993 இல் டாவனர் குடும்பத்துக்கு நெருக்கமான ஓர் இளம்பெண் சைக்கிள் விபத்தில் இறந்துபோக, அவளுக்காக எழுதியது. வரிகளைத் தேர்ந்து கொடுத்தவர் தெக்லா அன்னை என்ற கன்னியாஸ்திரி, ஆர்த்தடாக்ஸ் அடக்க வழிபாட்டிலிருந்து கொஞ்சம், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டிலிருந்து கொஞ்சம். சோகமாகவே போகும் பாட்டு முடிவை நெருங்கும்போது, "வா, உனக்காக வைத்திருக்கும் கிரீடத்தை வாங்கிக்கொள்" என்ற பொருளில் ஒரு வரி வரும். அதுவரை அடங்கி ஒலித்த குரல்கள் எல்லாம் அங்கே ஒன்றாகத் திறந்துகொள்ளும். எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும்.

அப்புறம் 'தி லாம்' (ஆட்டுக்குட்டி), 1982. வில்லியம் பிளேக்கின் கவிதைக்கு இசை, உடன்பிறந்தவர் பிள்ளையின் மூன்றாவது பிறந்தநாளுக்காக, அம்மா டெவனிலிருந்து லண்டனுக்குக் கார் ஓட்டிவர, பக்கத்தில் உட்கார்ந்தே எழுதினாராம். கேட்டால் தாலாட்டு மாதிரி எளிமை. உள்ளே பார்த்தால், முதல் வரியைப் பெண்குரல் தனியாகப் பாடும், அடுத்த வரியில் இன்னொரு குரல் அதே மெட்டைக் கண்ணாடியில் பார்த்தது போலத் தலைகீழாகப் பாடும். இது மேலே ஏறினால் அது அதே அளவு கீழே இறங்கும். அடுத்து ஏழு ஸ்வரம் கொண்ட ஒரு வரி, உடனே அதே ஏழும் கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்பி வரும்.

இவர் இசை ரொம்பச் சுலபம், ஆழம் இல்லை என்று எழுதிய விமர்சகர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. சிக்கலாக எழுத வராதவர் அல்ல அவர், 1968 இல் 'தி வேல்' என்ற படைப்போடு அறிமுகமானபோது 24 வயதுகூட நிரம்பவில்லை (வேல் என்றால் திமிங்கலம், பைபிளில் வரும் யோனாவின் கதை), அவ்வளவு துணிச்சலான இசை, அதை பீட்டில்ஸ் குழுவின் ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனமே இசைத்தட்டாக வெளியிட்டது. எல்லாம் தெரிந்தும் வேண்டாததைக் கழித்துக்கொண்டே வந்தவரை எதுவும் தெரியாதவர் என்பது நியாயமே இல்லை.

இன்னும் கேட்கத் தோன்றினால் 'தி ப்ரொடெக்டிங் வெயில்' (காக்கும் முக்காடு). செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) கலைஞர் ஸ்டீவன் இசர்லிஸ் கேட்டது ஒரு சின்னப் படைப்பு, கிடைத்தது முக்கால் மணி நேரம். அதில் செல்லோ ஓய்வே எடுக்காது, தேவமாதாவின் குரலாக ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போகும். 1989 இல் பிபிசி ப்ராம்ஸ் என்ற லண்டன் இசை விழாவில் முதலில் வாசித்தார்கள்.

உடம்பு மட்டும் அவருக்குக் கடைசி வரை ஒத்துழைக்கவில்லை. மார்ஃபான் என்ற பரம்பரை நோய், முப்பதுகளிலேயே பக்கவாதம், 2007 இல் பெரிய மாரடைப்பு. அதிலிருந்து மெல்ல எழுந்து மறுபடி எழுதினார், இறந்த வருடம் மான்செஸ்டர் விழாவில் அரங்கேறியவற்றில் கிருஷ்ண லீலையை வைத்து எழுதிய படைப்பிலிருந்து ஒரு காதல் பாட்டும் உண்டு.

இன்று ராத்திரி வீடு அடங்கியதும் ஹெட்போனில் 'சாங் ஃபார் ஆத்தீன்' போடுங்கள், ஏழு நிமிடம்கூட ஆகாது. மேலே வரும் மெட்டை விட்டுவிட்டு, முதல் தடவை அந்தக் கீழ் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.