வியாபாரத் தகராறைக் கோர்ட்டுக்கு வெளியே தீர்க்க பர்மா, சிங்கப்பூர், இந்தியா: எது கைகொடுக்கும்?

இதுதான் கேள்வி. நான் வக்கீல் இல்லை. ரங்கூனில் உளுந்து ஏற்றுமதிக் கணக்கு எழுதுகிறவன். ஒப்பந்தத் தாள்களோடு மல்லுக்கட்டுவது தினப்படி வேலை.

சில வருடங்களுக்கு முன் சென்னைக்கு இரண்டு கன்டெய்னர் உளுந்து அனுப்பினோம். எஸ்.க்யூ. தரம் என்று பேச்சு. அது உயர்ந்த தரம்; எஃப்.ஏ.க்யூ. என்றால் சராசரித் தரம். சரக்கு இறங்கியதும், "இது எஃப்.ஏ.க்யூ. தரம்தான், விலையைக் குறையுங்கள்" என்றார் வாங்கியவர். ஏற்றும்போதே முத்திரை வைத்த சாம்பிள் பை ஒன்று தரகர் அண்ணனிடம் இருந்தது. வீடியோ காலில் சென்னைக்காரர் பார்க்கப் பார்க்க, பையைப் பிரித்துத் தாம்பாளத்தில் கொட்டி, சொத்தையையும் சுருங்கினதையும் விரலால் ஒதுக்கிக் காட்டினார். சொத்தை கொஞ்சம் கூடுதல்தான். "வித்தியாசத்துல பாதி நீங்க, பாதி அவரு" என்றார். அரை மணி நேரத்தில் முடிந்தது.

முடியாமல் போயிருந்தால்? எங்கள் ஒப்பந்தத்தில் "தகராறு வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளப்படும்" என்று ஒரே வரி. எந்த ஊரில், யார் முன்னால், எந்தச் சட்டப்படி என்று ஒன்றும் இல்லை. மொகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் கூடி மாதாமாதம் நடப்பு வட்டி, அதாவது அந்த மாதத்துக்கான வட்டி விகிதம், பேசி முடித்த ஊர் இது. அங்கே முகதாட்சண்யம் போதும். கடல் தாண்டினால் அது செல்லாது.

கோர்ட்டுக்குப் பதில் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒருவர் தீர்ப்புச் சொன்னால் அவர்தான் நடுவர். பர்மாவில் 1944ஆம் வருட நடுவர் சட்டமே வெகுகாலம் ஓடியது. 2013இல் நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்தார்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை இங்கே அமலாக்க அதுதான் வழி. 2016இல் புது நடுவர் சட்டமும் வந்தது. ஆனால் தேச நலனுக்கு விரோதம் என்றால் கோர்ட் மறுக்கலாம். அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் இழுப்பார்கள் என்பதுதான் என் கவலை.

இந்தியாவில் வணிகக் கோர்ட் சட்டத்தின் 12ஏ பிரிவுப்படி, அவசர நிவாரணம் கேட்காத வழக்கு என்றால் முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். சமரசக்காரர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், இரு தரப்பையும் பேசவைப்பார். 2022இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எதிராளி வரவே இல்லையென்றால் "பேச்சு தொடங்கவில்லை" என்று ஒரு அறிக்கை, அப்புறம் பழையபடி வழக்கு.

சிங்கப்பூரில் எனக்குப் பிடித்தது வேறு. அங்கே நடுவர் மையம் 1991இல் வந்தது, சமரச மையம் 2014இல். நடுவரிடம் வழக்கைத் தொடங்கி, அதை நிறுத்திவைத்துச் சமரசம் பேசி, தீர்ந்தால் அதையே நடுவர் தீர்ப்பாக எழுதி வாங்கலாம். எதிராளி பின்வாங்கினால் கையில் வெறும் கடிதம் இல்லை, தீர்ப்பு இருக்கும். ஆனால் கட்டணம் கனம். இரண்டு கன்டெய்னர் சண்டைக்கு அங்கே போனால் உளுந்து விற்ற காசு கட்டணத்துக்கே போய்விடும்.

இன்னொன்று. இந்தியா தன் அரசிதழில் அறிவித்த நாடுகளில் தரப்பட்ட நடுவர் தீர்ப்பைத்தான் அயல்நாட்டுத் தீர்ப்பாக அமலாக்கும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் உண்டு. நீங்கள் எந்த ஊரை எழுதினாலும், அது பட்டியலில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே வக்கீலிடம் கேளுங்கள்.

நாங்கள் இப்போது பெரிய ஆர்டருக்குச் சிங்கப்பூர் என்று எழுதுகிறோம். சின்னதுக்குத் தரகர் அண்ணன் பெயர்தான். சாம்பிள் பை மட்டும் ஒன்றுக்கு மூன்றாகிவிட்டது.