இலையில் தெளித்தால் வேரின் வேலை குறையுமா?

கேள்வி: மண்ணில்லாமல், ஊட்டக்கரைசல் நிரப்பிய தொட்டியில் புதினாவும் திருநீற்றுப்பச்சிலையும் வளர்க்கிறேன். தளிர்களில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்ததால் இரும்பு கலந்த நுண்ணூட்டக் கரைசலைத் தெளித்தேன். தெளித்த இலைகள் தேறின; அடுத்து வந்த தளிர்கள் மீண்டும் மஞ்சளாகவே விரிந்தன. தொடர்ந்து தெளித்தால் வேர் சத்தெடுப்பது குறையுமா?

பதில்: தளிரில் தொடங்கும் நரம்பிடை மஞ்சள் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறையின் அடையாளம், மக்னீசியக் குறையென்றால் அடி இலைகளே முதலில் வெளுக்கும். தெளித்த இலையை உற்றுப் பாருங்கள். துளி தங்கிய இடங்கள் பச்சைப் புள்ளிகளாகவும், துளி படாத இடங்கள் மஞ்சளாகவும் இருக்கக்கூடும். இலையின் மெழுகுப் படலத்தைக் கடந்து உள்ளே போகும் இரும்பு, விழுந்த இடத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடுவதால், பிறகு விரியும் தளிருக்கு அது போய்ச் சேர்வதில்லை.

இரும்பு போதாதபோது இச்செடிகளின் வேர்கள் அமிலத்தைச் சுரந்து, இரும்பைத் தாம் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்கின்றன. இந்த முயற்சியைத் தண்டும் இலைகளும் அனுப்பும் சமிக்ஞைகளும் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே இலைவழியே இரும்பு கிடைக்கும்போது வேரின் முயற்சி ஓரளவு தளரக்கூடும். இதனால் வேர் கெட்டுவிடாது. ஆனால் மூலக்குறை தீராமலே நீடிக்கும்.

அந்தக் குறை தொட்டியில் இருக்கவே வாய்ப்பு அதிகம். செடி நைட்ரேட் வடிவிலான தழைச்சத்தை உறிஞ்ச உறிஞ்ச, கரைசலின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு மெல்ல ஏறும். அது 7-ஐ நெருங்கினால், இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் இ.டி.டி.ஏ. என்ற சேர்மத்துடன் பிணைந்த இரும்பு பிரிந்து படிவாகிவிடும். தொட்டியில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. முதலில் பி.எச். அளவை 5.5 முதல் 6.5-க்குள் கொண்டுவாருங்கள். அது அடிக்கடி ஏறுமானால், இன்னும் சற்று உயர்ந்த அளவிலும் நிலைக்கும், டி.டி.பி.ஏ. என்ற வேறொரு பிணைப்புச் சேர்மத்துடன் கூடிய இரும்புக்கு மாறுங்கள். வேர் பழுப்பேறிக் குழைந்திருந்தால் காற்றோட்டக் குறையையும் சரிசெய்ய வேண்டும்.

அதுவரை தெளிப்பை முதலுதவியாக வைத்துக்கொள்ளலாம். மென்மையான இலைகள் எளிதில் கருகும் என்பதால், நீர்த்த கரைசலை ஒரு கிளையில் மட்டும் முதலில் சோதித்து, வெயில் தணிந்தபின் இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். வழியும் நீர் தொட்டியில் கலந்து உப்பின் அளவைக் கூட்டாதபடி தொட்டியை மூடிவையுங்கள். உண்ணும் இலை என்பதால், பறிக்கப்போகும் கிளைகளில் தெளிக்க வேண்டாம்.

பழைய இலைகளைப் பார்த்துப் பலனை முடிவுசெய்யாதீர்கள். கரைசலைத் திருத்தியபின் விரியும் முதல் இரண்டு இலை இணைகளின் நிறத்தைப் பாருங்கள்.