4 வயசுப் புள்ளைக்கு எண்ணிக்கை பிடிபட என்ன பொம்மை வாங்கலாம்?

20 வரைக்கும் கடகடன்னு ஒப்பிக்கிறா, ஆனா ஏழு கரண்டி எடுத்துட்டு வா கண்ணுன்னா முழிக்கறாள்னு கேட்டிருக்கீங்க. புதுசா எதுவும் வாங்க வேண்டாங்க, வூட்ல பல்லாங்குழி இருந்தா எடுங்க, இல்லீன்னா முட்டை அட்டையும் புளியங்கொட்டையும் போதும். குழிக்கு ஒண்ணா போட்டுட்டே வாய்விட்டு எண்ணட்டும், கை ஒரு கொட்டையப் போடறப்ப வாய் ஒரே ஒரு நம்பர்தான் சொல்லோணும், அதுதாங்க அஸ்திவாரமே. பல்லாங்குழி ஆட்டத்துல ஒரு குழியில நாலு சேந்தா பசுன்னு எடுக்கறாங்கல்ல, அப்படி எடுத்து எடுத்து எண்ணாமயே நாலுங்கறது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சுரும்.

அப்பறம் தரையில 1-லிருந்து 10 வரை நேரா கட்டம் போட்டு காய் நகத்த விடுங்க, 4-ல நிக்கறப்ப ரெண்டு விழுந்தா "ஒண்ணு, ரெண்டு"ன்னு இல்லாம "அஞ்சு, ஆறு"ன்னு சொல்ல வைங்க. அமெரிக்காவுல ரமணி, சீக்லர்ங்கற ரெண்டு ஆய்வாளருங்க 2008-ல வெளியிட்ட ஆய்வுல இப்படி நம்பர் கட்டத்துல வெளையாண்ட புள்ளைங்கதான் முன்னேறுச்சு, வெறும் கலர் கட்டத்துல வெளையாண்டதுங்க முன்னேறலீங்க.