நஷ்டத்தில் கிடக்கும் பங்கை விற்க ஏன் மனசு வருவதில்லை?

லாபம் வந்த பங்கை உடனே விற்றுவிடுகிறேன், நஷ்டத்தில் இருப்பதை வருடக்கணக்கில் வைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் என் மாமாவுக்குக் கருவாட்டு வியாபாரம். ஒவ்வொரு சாக்கிலும் வாங்கின விலையைக் கரிக்கட்டையால் எழுதி வைப்பார். நெத்திலி விலை இறங்கிவிட்டால் அந்தச் சாக்கை மட்டும் தொடமாட்டார், "போட்ட காசாவது வரட்டும் மாப்ளே" என்பார், மழைக்காற்றில் ஈரம் ஏறி, வண்டு விழுந்து, கடைசியில் அது கோழித்தீவனத்துக்குப் போகும். சாக்கில் எழுதின விலை சந்தைக்குத் தெரியாதே!

இதற்கு 1985-லேயே நிதியியல் ஆய்வாளர்கள் ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் 'டிஸ்போசிஷன் எஃபெக்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விற்காதவரை நஷ்டம் வெறும் காகிதத்தில்தான், விற்றால் தோற்றதை ஒப்புக்கொண்ட மாதிரி. அப்புறம் டெரன்ஸ் ஓடியன் என்ற இன்னொரு ஆய்வாளர், 1998-ல் வெளியான ஆய்வில், ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளைத் தோண்டிப் பார்த்தார். விற்க வாய்ப்பிருந்த லாபங்களில் விற்றது சுமார் 15 சதவீதம், நஷ்டங்களில் 10 கூட இல்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், விற்ற லாபப் பங்குகள் அடுத்த ஒரு வருடத்தில், கட்டிப்பிடித்து வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகத் தந்தன. டிசம்பரில் மட்டும் கதை மாறியது, வரி வருடம் முடிவதற்குள் நஷ்டத்தைக் காட்டி வரியைக் குறைக்க நஷ்டப் பங்குகளை விற்றார்கள் (நம்மூரில் வரி வருடம் முடிவது மார்ச்சில்).

சரி, என்ன செய்யலாம்? வாங்கின விலையை மறைத்துவிட்டு, இன்று கையில் ரொக்கம் இருந்தால் இதே பங்கை இதே விலைக்கு வாங்குவேனா என்று கேட்டுப் பாருங்கள். மாமாவிடம் இதைச் சொன்னேன், கரிக்கட்டையைத் தூக்கி எறியச் சொல்கிறாயா என்று முறைத்தார்.