இன்ஜினை இறக்கும் முன் பிளக் ஒயரைப் பாருங்கள்

கேள்வி: அப்பாவின் 1984 பிரீமியர் பத்மினி கார். அவர் தவறிய பிறகு ஒன்றரை வருடமாகக் காரைக்குடி வீட்டு ஷெட்டில் நிற்கிறது. புது பேட்டரி போட்டோம். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. வந்த மெக்கானிக், பிளக்குகளுக்குக் கரண்டைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டினார். அதிலிருந்து கார்பரேட்டர் பக்கம் ‘டப்’பென்று வெடிக்கிறது. “கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றழுத்தம்) இல்லை, இன்ஜினை இறக்கி சிலிண்டரை போர் பண்ணணும்” என்கிறார். புரோக்கர் ஒருவரோ, “கார்பரேட்டரைக் கொடுங்கள், சென்னையில் சர்வீஸ் பண்ணித் தருகிறேன், அப்படியே வின்டேஜ் நம்பரும் வாங்கிவிடலாம்” என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் வேண்டாம். ஓடிக்கொண்டிருந்த வண்டி, நிறுத்திய இடத்திலேயே நின்றது. நிற்கிற வண்டியில் போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை, தேயாது. கெடுவது பெட்ரோலும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டைத் துண்டித்துச் சேர்க்கும் பாயிண்ட்டும்தான்.

முதலில் கரண்ட். வோல்ட்டேஜை ஏற்றும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் நடுவில் போகும் ஒயரை, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியான கேப்பிலிருந்து உருவி, ஒயர் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, பிளக்கின் உடம்பு இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கையால் பிடிக்காதீர்கள், பக்கத்தில் பெட்ரோல் வாடை இருக்கக் கூடாது. நீலமாகச் சடசடவென்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாகச் சோம்பலாக வந்தாலோ, வராமலே போனாலோ, பாயிண்ட்டைப் பாருங்கள். ஈரக்காற்றில் நின்ற வண்டியில் பாயிண்ட் முகத்தில் பூத்துப்போயிருக்கும். மெல்லிய எமரி தாளால் லேசாகத் தேய்த்து, விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் விட்டு இழுத்துத் தூசியை எடுத்துவிடுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.4 மி.மீ. சுமார் இருக்க வேண்டும். இதற்கு இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் போதும். பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சரை மட்டும் காரணமில்லாமல் மாற்றாதீர்கள். இப்போது வருகிற புது கண்டன்சர் பலதும் பழையதைவிட மட்டம்.

அடுத்தது பெட்ரோல். டேங்கில் கிடப்பதை கேனில் முழுக்க வடித்துவிடுங்கள். அதன் மேலேயே புதிதாக ஊற்றாதீர்கள். பங்க்கில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். 1984 வண்டிக்குக் கலப்பில்லாதது வேண்டுமென்று கேட்டால் பங்க்கில் சிரிக்கிறார்கள். கோடிக்கணக்கான பழைய வண்டிகள் ஓடும் நாட்டில் சாதாரண பங்க்கில் அதற்கு ஒரு தனி குழாய் இல்லை. ஆகவே ஹோஸ்களையும், மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்று சொல்லும் பெட்ரோல் பம்ப்பின் ரப்பர் சவ்வான டயாஃப்ரத்தையும் மாற்றிவிடுங்கள். கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பக்கத்தைத் திறந்து, பெட்ரோல் போகும் நுண்துளைகளான ஜெட்டுகளை அலசினால் போதும். அது அரை மணி நேர வேலை. அதற்காக யாரும் சென்னைக்குப் போக வேண்டாம். கார்பரேட்டரைத் தனியாக வாங்கிக்கொண்டு போகிற புரோக்கர், திரும்பக் கொண்டுவருவது உங்களுடையதுதானா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் நேர்மையான கடைகள் உண்டு. ஆனால் இடையில் ஒருவர் கைமாற்றும்போது நல்ல பொருள் வேறு வண்டிக்குப் போய்விடும். கண்ணெதிரே செய்ய முடியாது என்கிறவரிடம் எதையும் கொடுக்காதீர்கள்.

இனி அந்த ‘டப்’. பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் கார்பரேட்டர் வழியாக வெடித்தால், அதுவும் டிஸ்ட்ரிபியூட்டரில் கைவைத்த பிறகு வெடித்தால், பொறி தப்பான நேரத்தில் விழுகிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான்.

பத்மினியில் பிளக் எரியும் வரிசை 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு நாலு பிளக்கையும் கழற்றுங்கள். முதல் ஓட்டையில் ஒருவர் விரலை வைக்கட்டும். நாலாவது கியரில் போட்டு இன்னொருவர் வண்டியை முன்னால் மெல்லத் தள்ளட்டும். விரலைக் காற்று தள்ளும். பிஸ்டன் உச்சிக்கு வந்து, தள்ளுவது முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். இப்போது கேப்பைத் திறந்தால், உள்ளே சுற்றும் ரோட்டர் முதல் பிளக் ஒயர் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். நேரெதிரே பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டர் அரைச்சுற்று தப்பாக மாட்டப்பட்டிருக்கிறது. கழற்ற வேண்டாம். கேப்பில் 1, 4 ஒயர்களை ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். 2, 3 ஒயர்களையும் அப்படியே. அவ்வளவுதான் வேலை. ரோட்டர் சரியாகத்தான் பார்க்கிறது என்றால், அது சுற்றும் திசையிலேயே 1-3-4-2 என்று எண்ணிப் பாருங்கள். அவசரத்தில் எதிர்த்திசையில் மாட்டியிருப்பார்கள். நுணுக்கமான டைமிங்கை வண்டி ஓடத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கம்ப்ரஷன் கதைக்கு வருகிறேன். நாள்பட நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும், கம்ப்ரஷன் கேஜ் குறைவாகத்தான் காட்டும். அதைக் காட்டி இன்ஜினை இறக்குவது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஏறினால், முதலில் வண்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டுத்தான் மற்றப் பேச்சு. ஒரு சிலிண்டர் மட்டும் ஆயில் விட்டும் சுத்தமாகக் காட்டாவிட்டால் வால்வு ஒட்டியிருக்கலாம். அதற்கு சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்தால் போதும்.

வின்டேஜ் நம்பர் என்பது வெறும் ஏமாற்று. 2021 விதிப்படி 50 வருடம் ஆன வண்டிக்குத்தான் அது. உங்கள் பத்மினிக்கு 2034 வரை கிடையாது. கிடைத்தாலும் தினமும் ஓட்ட அனுமதியில்லை. உங்களுக்கு வேண்டியது சாதாரண ஆர்.சி. புதுப்பிப்பு. 20 வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். அப்பா பெயரில் இருப்பதை முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். இரண்டு மூன்று முறை அலைய விடுவார்கள். அலையுங்கள். ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும் கைக்கு வரும்வரை வண்டியை ஷெட்டுக்குள்ளேயே ஓடவிடுங்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.